பொங்கற்பானையை எங்கே வரைவது?
சிங்கப்பூர்ச் சிறுவர்க்கான திருவிழாப் படநூல்: ஒரு வரலாற்று நோக்கு

தமிழில் 'எழுதுதல்' என்னும் வினை எழுத்துக்கும் ஓவியத்துக்கும் பொதுவானது. ஓவியம் எழுதினர், கண்ணுக்கு மை எழுதினர், தோளில் தொய்யில் எழுதினர் என்று பழந்தமிழ் நூல்கள் பேசுகின்றன. கோட்டையும் வண்ணத்தையும் குறித்த அச்சொல் காலப்போக்கில் எழுத்தைப் பொறிக்கும் செயலுக்கே பெரிதும் உரியதாயிற்று. ஆயினும் எழுதப் படிக்கத் தொடங்காத குழந்தையின் கையில் ஒரு படநூலைக் கொடுக்கும்போது அப்பழைய பொருள் மீண்டும் உயிர் பெறுகிறது. அக்குழந்தைக்குப் படமே முதலெழுத்து. நாம் உரக்கப் படிக்கும் சொல், அப்படத்தின்மேல் வந்து அமர்கிறது.

சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுவர்க்குப் பொங்கலைப் பற்றி ஒரு படநூல் ஆக்குவதாயின் அதில் எதனை வரைவது? இவ்வினா எளிதாகத் தோன்றலாம். நெல்வயல், ஓட்டு வீடு, இரு கரும்புகளுக்கிடையே ஒரு மண்பானை, பின்புறம் உதிக்கும் கதிரவன், வண்ணம் பூசிய கொம்புகளுடன் காளை என்னும் படம் நம் அனைவர் மனத்திலும் ஆயத்தமாகவே உள்ளது. வாழ்த்து அட்டைகளும் சிவகாசி நாட்காட்டிகளும் பல தலைமுறைகளாகப் பதியவைத்த படம் அது. அழகிய படம்தான். எனினும், வீவக அடுக்குமாடியில் பிறந்து வளரும் குழந்தை அதனைப் பார்த்ததும், 'இது வேறோர் ஊரில் நடப்பது' என்றே எண்ணும். திருவிழா வேறோர் ஊருக்கு உரியதாயின் அத்திருவிழாவைச் சொல்லும் மொழியும் வேறோர் ஊருக்கு உரியதாகிவிடும். நம் உரையின் மையக் கருத்து இதுவே. படநூலில் எந்த இடம் வரையப்படுகிறதோ அந்த இடத்தில்தான் மொழி வாழ்கிறது என்று குழந்தை அறிந்துகொள்கிறது.

சிங்கைத் தமிழ் அச்சில் படமும் இடமும்

இம்மண்ணைத் தமிழ் நூலில் காட்டும் முயற்சி புதியதன்று. சிங்கப்பூரில் அச்சாகி இன்று நமக்குக் கிடைக்கும் தமிழ் நூல்களுள் மிகப் பழையது 1872ஆம் ஆண்டின் 'முனாஜாத்துத் திரட்டு'. இஸ்லாமியத் தமிழ்ப் புலவர் ஒருவரின் பக்திப் பாடல்களைக் கொண்டது அது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 1887இல், யாழ்ப்பாணத்து வண்ணைநகர் சதாசிவ பண்டிதரின் 'சிங்கைநகரந்தாதி'யும் 'சித்திரக்கவிக'ளும் வெளிவந்தன. நாகபந்தம், தேர்பந்தம் போன்ற வடிவங்களுக்குள் எழுத்துகளை அடைத்துப் பாடுவது சித்திரக்கவி மரபு. சிங்கைத் தமிழ் அச்சின் தொடக்கக் காலத்திலேயே சொல்லும் வடிவமும் ஒரே பக்கத்தில் கூடியிருந்தன என்பது கருதத்தக்கது. ஆனால் அப்பக்கம் புலவர்க்கு உரியது. அங்கே படம் அறிவைச் சோதிக்கும் புதிராக நின்றது. பொருளை விளக்கும் துணையாக நிற்கவில்லை.

1893இல் வெளிவந்த ரங்கசாமி தாசனின் 'குதிரைப் பந்தய லாவணி' வேறொரு வழியைக் காட்டிற்று. பந்தயம் காணச் செல்லும் வழியில் கண்ணிற்படும் நகரக் காட்சிகளை மக்கள் நாவில் வழங்கிய தமிழில் அது பாடிச் செல்கிறது. இன்றைய லிட்டில் இந்தியாவை ஒட்டிய பேரர் பூங்காவில் 1840கள் முதல் 1933 வரை குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. ரேஸ் கோர்ஸ் சாலை என்னும் பெயர் அதன் எச்சமே. அந்நூலில் ஓவியம் இன்றியமையாததாக இல்லை, சொற்களே ஓவியமாயின. திருவிழாக் கூட்டம், தெருப்பெயர், பேச்சுவழக்கு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த அந்தப் பாட்டுநூலை, சிங்கைச் சிறுவர் படநூலுக்கு ஒரு முன்னோடியாக நாம் கொள்ளலாம்.

பொதுப்படமும் அதன் காரணமும்

உலக அளவில் சிறுவர் படநூலின் வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் கொமேனியசின் 'ஓர்பிஸ் பிக்டஸ்' என்னும் நூலிலிருந்து தொடங்குவர். 1658இல் வெளிவந்த அது இருமொழி நூல். படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் எண் இட்டு, அதே எண்ணுடன் அப்பொருளின் பெயரை இலத்தீனிலும் ஜெர்மானிய மொழியிலும் தந்தார் அவர். குழந்தை முதலில் பொருளைக் காணவேண்டும். பெயர் அதன்பின் வரவேண்டும் என்பது அவர் கொள்கை. மொழியாசிரியர்களாகிய நமக்கு இக்கொள்கை இன்றும் பயன்படுவது.

தமிழில் 1947 ஜூலையில் தொடங்கிய 'அம்புலிமாமா' படமும் கதையும் இணைந்த வாசிப்பைப் பெருந்திரளான சிறுவரிடம் கொண்டு சேர்த்தது. இந்தியாவில் நேஷனல் புக் டிரஸ்ட் நிறுவனத்தின் நேரு பால புத்தகாலய வரிசை 1969இல் தொடங்கியது. தோக்கியோவில் இயங்கிய யுனெஸ்கோ ஆசியப் பண்பாட்டு நிலையம், ஆசிய நாடுகளின் கூட்டு வெளியீட்டுத் திட்டத்தின் வழியே, ஆசியத் திருவிழாக்களைப் பற்றிய படநூலை 1975இல் கொண்டுவந்தது.

இத்தகைய பன்மொழி வெளியீடுகளின் அச்சுமுறையை ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நன்று. வண்ணப்படம் அச்சிட நான்கு நிறங்களுக்கு நான்கு தகடுகள் தேவை. மஞ்சள், சிவப்பு, நீலம் ஆகிய மூன்றும் எல்லா மொழிப் பதிப்புகளுக்கும் பொதுவாக அமையும். எழுத்துகள் வரும் கறுப்புத் தகட்டை மட்டும் மொழிதோறும் மாற்றினால் போதும். பல மொழிகளுக்கும் சேர்த்துப் படங்களை ஒரே வேளையில் மிகுதியாக அச்சிடும்போது ஒரு நூலுக்கு ஆகும் செலவு வெகுவாகக் குறையும். ஏழைக் குழந்தைக்கும் வண்ணநூல் கிட்ட இம்முறை வழிவகுத்தது. அந்நன்மையை நாம் குறைத்து மதிப்பிடல் ஆகாது.

ஆயினும் அதற்கொரு விலையும் இருந்தது. எல்லா மொழிக்கும் ஒரே படம் என்றால் அப்படம் எந்த ஊருக்கும் முரண்படாததாக இருக்கவேண்டும். தெருப்பெயர்ப் பலகை, கடையின் முகப்பு, வீட்டின் கதவு முதலிய அடையாளங்கள் படத்திலிருந்து விலகும். சிற்றூரும் வயலும் எங்கும் பொருந்துவனவாகத் தோன்றுவதால் அவையே எஞ்சும். சிறிய மொழிச் சமூகம் ஒன்று தனக்கென வண்ணநூல் அச்சிட இயலாதிருந்த காலத்தில் இந்தப் பொதுப்படமே பொங்கலின் படமாக நிலைத்தது. இன்று கணினிவழிக் குறைந்த படிகளையும் அச்சிட முடிகிறது. சிங்கப்பூரில் 2011இல் தொடங்கப்பட்ட லீ குவான் இயூ இருமொழி நிதியம் போன்றவை பாலர்க்கான தாய்மொழி வாசிப்பு முயற்சிகளுக்கு உதவுகின்றன. பழைய தடை நீங்கிய பின்னும் பழைய படத்தையே நகலெடுப்பதற்குக் காரணம் இல்லை.

நூலைப் போன்றே அது வந்து சேரும் இடமும் முக்கியம். 1953இல் லீ கொங் சியன் ஒரு பொது நூலகத்துக்காக 375,000 வெள்ளி வழங்க முன்வந்தபோது, அந்நூலகம் கட்டணமின்றி அனைவர்க்கும் திறந்திருக்கவேண்டும் என்றும் இங்குள்ள மக்களின் மொழிகளை வளர்க்கவேண்டும் என்றும் வேண்டினார். ஸ்டாம்ஃபர்டு சாலையில் 1960 நவம்பரில் அக்கட்டடம் திறக்கப்பட்டது. தமிழ் நூலுக்குப் பொது அடுக்கில் இடம் உண்டு என்னும் உறுதியை அந்நிபந்தனை தந்தது. அந்த அடுக்கில் இம்மண்ணைக் காட்டும் நூல்களை நிரப்புவது நம் பொறுப்பு.

1952: ஒரு திருவிழாவுக்குப் புதுப்பொருள்

சிங்கப்பூரில் பொங்கலுக்கென ஒரு தனி வரலாறு உண்டு. 'தமிழ் முரசு' இதழை 1935இல் தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1952இல் தைத்திங்களைத் தமிழர் திருநாளாகக் கொண்டாடும் வழக்கத்தை இங்கே ஏற்படுத்தினார். சமய வேறுபாடும் சாதி வேறுபாடும் கடந்து தமிழர் அனைவரும் ஒன்றுகூடத்தக்க நாள் ஒன்று வேண்டும் என்பது அவர் நோக்கம். உழவர்க்குரிய அறுவடை விழா, வயலில்லாத துறைமுக நகரில் மொழிவிழாவாக மறுபிறவி எடுத்தது. கலைநிகழ்ச்சிகளும் பேச்சு, எழுத்துப் போட்டிகளும் அதன் உறுப்புகளாயின. 1950களில் 'தமிழ் முரசு' மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியை நடத்திற்று. அதில் எழுதிப் பழகிய சிறார் பலர் பின்னாளில் எழுத்தாளராகவும் ஆசிரியராகவும் விளங்கினர். சிங்கப்பூரில் பொங்கலும் சிறுவர் எழுத்தும் ஒரே காலத்தில், ஒரே இதழின் நிழலில் வளர்ந்தன என்பதை இங்கு நினைவிற்கொள்வோம்.

இவ்வரலாறு படநூல் ஆக்குவோர்க்கு ஒரு வழியைத் திறக்கிறது. இந்நாட்டுத் தமிழருள் இந்துக்களும் இஸ்லாமியரும் கிறித்துவரும் உள்ளனர். பூசையறையை மட்டுமே மையமாகக் கொண்ட நூல் வகுப்பிலுள்ள சில பிள்ளைகளைப் பார்வையாளராக்கிவிடும். பூசையை முற்றும் நீக்கிய நூலோ பல குடும்பங்களின் உண்மையை மறைக்கும். தன் வீட்டில் பொங்கலிடும் குழந்தையையும், பொங்கலன்று பள்ளியின் தமிழ்விழாவில் பேசும் குழந்தையையும் ஒரே கதையில் நண்பர்களாக நிறுத்தினால் 1952இன் நோக்கம் படத்திலேயே விளங்கும், விளக்கவுரை தேவைப்படாது.

எருமைகள் நடந்த தெரு

மாட்டுப் பொங்கலை அடுக்குமாடிக் குழந்தைக்கு எவ்வாறு காட்டுவது என்று ஆசிரியர்கள் தயங்குவதுண்டு. விடை லிட்டில் இந்தியாவின் தெருப்பெயர்களிலேயே உள்ளது. சிராங்கூன் சாலைப் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் கால்நடை வணிகம் செழித்தது. ரோச்சோர் ஆற்றை ஒட்டிய ஈரநிலமும் புல்லும் எருமைகளுக்கு உகந்தவையாக இருந்தன. பஃபலோ சாலை, மலாயில் எருமையைக் குறிக்கும் கெர்பாவ் என்னும் சொல்லைத் தாங்கிய கெர்பாவ் சாலை, கல்கத்தாவிலிருந்து வந்த கால்நடை வணிகரின் பெயரைத் தாங்கிய பெலிலியோஸ் சாலை ஆகியன அவ்வணிகத்தின் சுவடுகள். கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைத் தொழுவம். நம் பிள்ளைகள் பலர் பிறந்த கேகே மருத்துவமனையின் பெயரில் உள்ள இரண்டெழுத்துகளும் அத்தொழுவத்தையே குறிக்கின்றன. தாம் பிறந்த மருத்துவமனையின் பெயரில் எருமை உண்டு என்று அறியும் குழந்தை மாட்டுப் பொங்கலை அயலூர் விழா என்று எண்ணாது.

அருகிலுள்ள கம்போங் கப்போர் என்பதற்கு மலாயில் சுண்ணாம்புக் கம்பம் என்று பொருள். தமிழர் நாவிலும் சுண்ணாம்புக் கம்பம் என்ற பெயர் வழங்கிற்று. மலாய்ச் சொல் 'கம்போங்' தமிழில் 'கம்பம்' ஆனதைக் காட்டி, ஒலிமாற்றம் பற்றிய எளிய பாடம் ஒன்றையே மேல்வகுப்பு மாணவர்க்கு நடத்தலாம்.

கால்நடை வணிகம் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் படிப்படியாக மறைந்தது. 1989இல் லிட்டில் இந்தியா மரபுடைமைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 2015இல் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது. தை பிறக்குமுன் அத்தெருவில் கரும்புக் கட்டுகளும் மஞ்சள் கொத்துகளும் மண்பானைகளும் குவிவதை நாம் காண்கிறோம். சில ஆண்டுகளில் சிறுவர் காண்பதற்கென மாடுகளையும் அங்கே கொண்டுவந்து நிறுத்துகின்றனர். ஓவியர் தேடவேண்டிய காட்சிகள் யாவும் ஓர் எம்ஆர்டி பயணத் தொலைவில் உள்ளன.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். வயலை விலக்கினால் பொங்கலின் வேரே அறுபடாதா? அறுபடும், ஆதலின் வயலை விலக்கச் சொல்லவில்லை. அது கதையில் வரும் வழியை மாற்றவேண்டும் என்பதே நம் கருத்து. சிங்கப்பூர் தான் உண்ணும் அரிசியை வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. சமையலறையில் உள்ள அரிசிப்பையிலிருந்து தொடங்கி, கடை, துறைமுகம், கப்பல் எனப் பின்னோக்கிச் சென்று வயலில் முடியும் ஒரு வரிசையைப் படங்களாக வரையலாம். அப்போது வயல் குழந்தையின் தட்டோடு உறவுடையதாகும். நன்றி சொல்லும் விழா எதற்கு என்பதும் விளங்கும்.

எந்தத் தமிழில் எழுதுவது?

படத்தின் இடத்தை முடிவு செய்தபின் சொல்லின் இடத்தை முடிவு செய்யவேண்டும். 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 3.3 விழுக்காட்டினர். 2020இல் அது 2.5 விழுக்காடாகக் குறைந்தது. அதே காலத்தில் ஆங்கிலம் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காடாக உயர்ந்தது. உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது; 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி. ஆகவே, உறங்குமுன் பெற்றோர் படித்துக்காட்டும் ஒரு படநூல், சில குழந்தைகளுக்கு அன்றைய நாளில் கேட்கும் ஒரே தொடர்ச்சியான தமிழாக அமையக்கூடும்.

அத்தமிழ் எத்தகையது? தமிழ் இருமை வழக்குடைய மொழி. தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரமே உலக வழக்கு, செய்யுள் வழக்கு இரண்டையும் இலக்கண ஆய்வுக்கு அடிப்படையாகக் குறிக்கிறது. சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டின் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, தமிழ் கற்பித்தலில் பேச்சுத்தமிழுக்குக் கூடுதல் இடம் தரப் பரிந்துரைத்தது. வீட்டில் பேசாத மொழியைப் பிள்ளைகள் எழுத்து வடிவில் மட்டும் கற்றால் அது வகுப்பறையோடு நின்றுவிடும் என்ற கவலை அதன் பின்னணியில் இருந்தது.

படநூலில் இரு வழக்கையும் பகிர்ந்தளிக்க இயலும். கதை சொல்லும் பகுதி எளிய எழுத்துத்தமிழில் 'பால் பொங்குகிறது' என்று அமையட்டும். பாட்டியின் கூற்று 'பொங்குது பாரு!' என்று வரட்டும். இவ்விரு வடிவங்களும் ஒரே படத்தின் கீழ் அருகருகே நிற்கும்போது, 'கிறது' என்பது பேச்சில் 'உது' எனக் குறுகுவதைக் குழந்தை இலக்கணமின்றியே உணர்ந்துகொள்ளும். வருகிறது, வருது, கொதிக்கிறது, கொதிக்குது என்று பின்னர் அதுவே விரித்துக்கொள்ளும். ஆயினும் பேச்சை அச்சிடுவதில் அளவு வேண்டும். 'மரம்' என்பதன் இறுதி மெய் பேச்சில் மூக்கொலி உயிராக மாறுகிறது. அவ்வொலியைக் குறிக்க நம் நெடுங்கணக்கில் எழுத்தில்லை. எனவே ஒரு வட்டாரத்துக்கோ ஒரு பிரிவினர்க்கோ மட்டும் உரியதாகாத பொதுப்பேச்சை, எழுத்துத் தாங்கும் அளவுக்கு மட்டும் கையாளவேண்டும்.

'பொங்கல்' என்னும் சொல்லே படநூலுக்கு ஏற்ற பாடம். 'பொங்கு' என்னும் வினையடியோடு 'அல்' என்னும் விகுதி சேர்ந்து அது பிறந்தது. பொங்கும் செயல், பொங்கி ஆக்கிய உணவு, அவ்வுணவை ஆக்கும் திருநாள் ஆகிய மூன்றையும் அது குறிக்கும். மூன்று பொருளுக்கும் மூன்று படங்கள் அமைத்தால் ஒரு சொல் எவ்வாறு வளர்கிறது என்பதை ஐந்து வயதுக் குழந்தையும் காணும். இரட்டைக்கிளவியும் படநூலுக்கு வாய்த்த செல்வம். பால் தளதளவெனக் கொதிக்கிறது, புதுப்பானை பளபளவென மின்னுகிறது என்று படிக்கும்போது படத்துக்கு ஓசை கிடைக்கிறது. மொழி அறியாத குழந்தையும் அவ்வோசையைத் திருப்பிச் சொல்லும்.

முப்பத்திரண்டு பக்கங்கள்

படநூல்கள் பெரும்பாலும் 32 பக்கம் கொண்டவை. பெரிய தாள் ஒன்றின் இருபுறமும் அச்சிட்டு மடித்தால் 16 பக்கம் கிடைக்கும். அத்தகைய இரு மடிப்புகள் ஒரு நூலாகும். முகப்பு, பதிப்பு விவரம் முதலியன போக ஏறத்தாழ 14 இரட்டைப் பக்கங்கள் கதைக்கு எஞ்சும். இவ்வெல்லை ஆசிரியரைச் சிந்திக்கவைக்கும். போகி முதல் காணும் பொங்கல் வரை யாவற்றையும் அடுக்கினால் நூல் பட்டியலாகிவிடும்.

பொங்கல் இந்நாட்டில் பொது விடுமுறை நாளன்று. தை முதல் நாள் பெரும்பாலும் ஜனவரி 14 அல்லது 15ஆம் நாளில் வரும். பள்ளிகளும் ஆண்டின் பாடங்களைத் தொடங்கியிருக்கும். பள்ளிச் சீருடை அணிந்த குழந்தை, வாசல் நடைவழியில் பாட்டி இடும் கோலத்தைத் தாண்டாமல் சுற்றிச் செல்வதாக முதற்படம் அமையலாம். அடுப்பில் இன்னும் பொங்கவில்லை. பள்ளிப் பேருந்தோ கீழே வந்துவிட்டது. பொங்குவதைக் காண்பதா, பேருந்தைப் பிடிப்பதா என்ற தவிப்பே கதையாகும். இத்தவிப்பு தமிழ்நாட்டுச் சிற்றூர்க் குழந்தைக்கு இல்லை. அங்கே அன்று விடுமுறை. சிங்கப்பூர்ப் பிள்ளைக்கே உரிய இந்தச் சிறு துன்பத்தில் ஒரு நூல் தோன்ற இடமுண்டு. அடுத்த வீட்டு மலாய்ப் பெண்மணியோ சீனப் பெரியவரோ கதவைத் திறந்து பார்க்கும் படமும் அந்த நடைவழியில் இயல்பாக வந்து சேரும்.

எழுதுவோர் தம் சொற்களைக் குறைத்துக்கொள்ளக் கற்கவேண்டும். படம் காட்டுவதைச் சொல் திரும்பக் கூறலாகாது. பானை மஞ்சள் நிறத்தில் இருப்பதைப் படமே காட்டும். பானைக்கழுத்தில் கட்டியது மஞ்சள் கொத்து என்பதைச் சொல்தான் அறிவிக்கவேண்டும். படத்தால் தரமுடியாத பெயரையும் ஓசையையும் உணர்வையும் சொல் தரட்டும். வரைவு முடிந்ததும் ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்தல் இன்றியமையாதது. பெற்றோரின் நாக்கு தடுமாறும் தொடரைக் குழந்தை கேட்கப்போவதில்லை. அவர்கள் அதனை ஆங்கிலத்தில் சொல்லிக் கடந்துவிடுவர்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிலேயே தொடங்கலாம். மாணவர் தத்தம் வீட்டுப் பெரியவரிடம் அவர்கள் இளமையில் இந்நகரில் பொங்கலிட்ட இடத்தைக் கேட்டறிந்து, ஒரு பக்கத்தில் வரைந்து, அப்பெரியவர் சொன்ன ஒரு தொடரை அவர் சொன்னவாறே கீழே எழுதட்டும். கம்பத்து வீட்டு முற்றம், கப்பல் பட்டறைக் குடியிருப்பு, ஒற்றையறை வீட்டின் மண்ணெண்ணெய் அடுப்பு என அப்பக்கங்கள் விரியக்கூடும். அவற்றைச் சொல்லக்கூடிய தலைமுறை இன்று நம்மோடு இருக்கிறது. 14 மாணவர் வரைந்த 14 பக்கங்களைச் சேர்த்துத் தைத்தால் ஒரு படநூல் உருவாகிவிடும். அச்சுக்குப் போகாவிடினும், வகுப்பின் வாசிப்பு மூலையில் அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் எடுத்துப் படிக்க அது அங்கே இருக்கும்.